ஹீட்டர் ராடு ஒன்றை வைத்து மின்தடையையும் மின்திறனையும் கணக்கிடும் முறை

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும். பள்ளி மாணவர் ஒருவர் கால் நிமிடத்தில் போட்டுவிடக்கூடிய கணக்கு இது. ஆனாலும் வீட்டிலும் பட்டறையிலும் இந்தக் கணக்கு அடிக்கடி பிசகுகிறது. பிசகியவற்றை எடுத்துப் பார்த்தால், வகுத்தலிலோ பெருக்கலிலோ தவறியவை மிகச் சிலவாகவே இருக்கும். ஓரிடத்தின் மின்னழுத்தத்தையும் வேறோர் இடத்தின் மின்னோட்டத்தையும் சேர்த்து எழுதியதால்தான் பெரும்பாலும் விடை கெட்டிருக்கும். ஆகவே எண்களைத் தாளில் எழுதுவதற்கு முன்பு, இந்த வோல்ட் எந்த இரண்டு முனைகளுக்கு இடையே அளந்தது, இந்த ஆம்பியர் அதே இரண்டு முனைகளுக்கு நடுவில் உள்ள பொருளின் வழியாகத்தான் ஓடுகிறதா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரையில் வரும் எல்லாக் கணக்குகளுக்கும் இந்தக் கேள்விதான் அடிப்படை.

முதலில் வாய்பாடுகளை எழுதிக்கொள்வோம். மின்னழுத்தம் வோல்ட்டிலும், மின்னோட்டம் ஆம்பியரிலும், மின்தடை ஓமிலும், மின்திறன் வாட்டிலும் அளக்கப்படுகின்றன.

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்
மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

இந்த இரண்டு மட்டும் நினைவில் இருந்தால் போதும். முதல் வாய்பாட்டை இரண்டாவதில் பொருத்தினால் இன்னும் இரண்டு தாமாகவே வந்துவிடும்: மின்னோட்டமும் மின்தடையும் தெரிந்திருந்தால், மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்க மின்திறன் வரும், மின்னழுத்தமும் மின்தடையும் தெரிந்திருந்தால், மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுக்க மின்திறன் வரும். மில்லி ஆம்பியரில் உள்ளதை 1000 ஆல் வகுத்து ஆம்பியராக்கிக்கொண்டுதான் தொடங்க வேண்டும். 20 மில்லி ஆம்பியர் என்பது 0.02 ஆம்பியர். இதை மறந்தால் விடை ஆயிரம் மடங்கு தவறும் என்பதால், பார்த்த மாத்திரத்தில் அந்தப் பிழை கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாத பிழைகளே தொல்லை தருபவை.

அப்படிப்பட்ட பிழை ஒன்றுக்கு எளிய எடுத்துக்காட்டு இது. 12 வோல்ட் பேட்டரியில் ஒரு சிறிய சிவப்பு எல்இடியை எரிய வைக்க வேண்டும். அதன் வழியே 20 மில்லி ஆம்பியர் ஓடலாம். அதனுடன் தொடராக எத்தனை ஓம் மின்தடையைச் சேர்ப்பது? பலர் 12 ஐ 0.02 ஆல் வகுத்து 600 ஓம் என்று எழுதுவார்கள். ஆனால் அந்த 12 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையே உள்ளதேயன்றி மின்தடையின் இரு முனைகளுக்கு இடையே உள்ளதன்று. எல்இடி தன் பங்குக்கு ஏறத்தாழ 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மின்தடையின் மேல் விழுவது 10 வோல்ட் மட்டுமே. எனவே சரியான விடை 10 ஐ 0.02 ஆல் வகுத்துக் கிடைக்கும் 500 ஓம் ஆகும். கடையில் 510 அல்லது 560 ஓம் கிடைக்கும். 560 ஓமைப் போட்டால் மின்னோட்டம் ஏறத்தாழ 18 மில்லி ஆம்பியராகும். மின்தடையில் வெப்பமாகும் திறன் 10 ஐ 0.018 ஆல் பெருக்கிய 0.18 வாட். கால் வாட் மின்தடை இதைத் தாங்கும் என்றாலும் தொட்டால் சுடும் அளவுக்குச் சூடேறும். அரை வாட் மின்தடையைப் போடுவதே என் வழக்கம்.

இனி 230 வோல்ட்டுக்கு வருவோம். கணக்குப் பழகுவதற்கு வீட்டில் உள்ள பொருள்களில் மிகவும் ஏற்றது, வாளித் தண்ணீரில் போட்டு வெந்நீர் வைக்கும் ஹீட்டர் ராடு. அதற்குள் நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பிச் சுருள் ஒன்றும், அதைச் சுற்றி மின்சாரத்தைக் கடத்தாத மக்னீசியம் ஆக்சைடுத் தூளும், வெளியே உலோகக் குழாயும் தவிர வேறெதுவும் கிடையாது. அதன் மேல் 230 வோல்ட், 1500 வாட் என்று அச்சிட்டிருந்தால், அதில் ஓட வேண்டிய மின்னோட்டம் 1500 ஐ 230 ஆல் வகுத்த 6.52 ஆம்பியர். மின்தடை 230 ஐ 6.52 ஆல் வகுத்த 35.3 ஓம். 230 இன் வர்க்கமாகிய 52,900 ஐ 1500 ஆல் வகுத்தாலும் அதே 35.3 தான் வரும். சிறிய பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கு உரியது என்பதால், இந்த ராடை அதில் செருகக் கூடாது என்ற முடிவும் இந்தக் கணக்கிலேயே கிடைத்துவிடுகிறது; 16 ஆம்பியர் பவர் பிளக்தான் இதற்கு உரியது.

அச்சிட்டிருப்பது உண்மையா என்று சோதிக்க, ராடைப் பிளக்கிலிருந்து முற்றிலும் கழற்றி ஆறவைத்துவிட்டு, மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து அதன் இரண்டு பின்களையும் தொட வேண்டும். அதற்கு முன் மீட்டரின் இரண்டு கம்பி முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்துப் பார்த்தால், சுழியத்துக்குப் பதிலாக 0.3, 0.4 என்று ஏதோ ஓர் எண் காட்டும். அது மீட்டர் கம்பிகளின் சொந்த மின்தடை; அளந்த விடையிலிருந்து அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். இங்கும் பழைய கேள்விதான்: நாம் அளந்தது ராடின் இரு முனைகளுக்கு இடையேயா, மீட்டரின் இரு துளைகளுக்கு இடையேயா? 35 ஓமில் 0.4 ஓம் பெரிதன்று. ஆனால் 1 ஓமுக்கும் குறைவான ஒன்றை அளக்கும்போது அது விடையையே விழுங்கிவிடும். அதே நேரத்தில், இரண்டு பின்களையும் தனித்தனியே பெரிய எர்த் பின்னோடு சேர்த்துத் தொட்டுப் பார்ப்பது நல்லது. அங்கே மீட்டர் எந்த எண்ணும் காட்டக் கூடாது. காட்டினால் ராடின் உள்காப்பு கெட்டுவிட்டது என்று பொருள். அந்த ராடைக் கணக்குக்குக்கூட வைத்துக்கொள்ளாமல் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

ஆறிய நிலையில் அளந்த ஓமைக் கொண்டு மின்திறனைக் கணக்கிடலாமா என்ற கேள்விக்கு, ராடைப் பொறுத்தவரை ஓரளவுக்குச் செய்யலாம் என்பதே விடை. நிக்ரோமின் மின்தடை வெப்பநிலையோடு மிகக் குறைவாகவே மாறும். தண்ணீருக்குள் இருக்கும் ராடில் அந்த மாற்றத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் இதே வழியைக் குண்டு பல்புக்குப் பின்பற்றினால் மோசம் போய்விடுவோம். 230 வோல்ட், 100 வாட் குண்டு பல்பு எரியும்போது அதன் மின்தடை 529 ஓம். அணைந்திருக்கும்போது மல்டிமீட்டரால் அளந்தால் 40 ஓமுக்கு அருகில்தான் காட்டும். அதை நம்பி 52,900 ஐ 40 ஆல் வகுத்தால் 1322 வாட் என்று வரும். நூறு வாட் பல்பு இஸ்திரிப் பெட்டியாகிவிடும்! டங்ஸ்டன் இழை இரண்டாயிரம் டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடேறும்போது அதன் மின்தடை பன்னிரண்டு மடங்குக்கும் மேல் ஏறிவிடுகிறது. ஆறிய நிலையில் அளந்த 40 ஓமும் பொய்யன்று. சுவிட்சைப் போட்ட அந்த நொடிப்பொழுதில் உண்மையிலேயே ஐந்து ஆம்பியருக்கும் மேல் பாய்கிறது. குண்டு பல்புகள் எரிந்துகொண்டிருக்கும்போது போவதைவிடப் போடும்போது ‘பட்’டென்று போவது ஏன் என்பதற்கும் இதுவே பெரும்பங்கு விளக்கம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பாடநூலைப் படித்தவர்களும் இதில் குழம்புகிறார்கள். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து வருவதை மின்தடை என்று அழைப்பது ஒரு வரையறை. அது பல்புக்கும் பொருந்தும், ராடுக்கும் பொருந்தும். அவ்வாறு வகுத்து வரும் எண், வெப்பநிலை மாறாதவரை, எத்தனை வோல்ட் கொடுத்தாலும் மாறாமல் இருக்கும் என்பதுதான் ஓம் விதி. ராடு அந்த விதிக்கு ஏறக்குறைய அடங்கி நடக்கிறது. பல்பின் இழை தன்னையே சூடாக்கிக்கொள்வதால், 100 வோல்ட்டில் ஓர் எண்ணையும் 230 வோல்ட்டில் வேறோர் எண்ணையும் தருகிறது.

மோட்டாரில் நிலைமை இன்னும் வேறு. நீரிறைக்கும் மோட்டாரின் கம்பிச் சுற்றை ஓம் நிலையில் அளந்து 5 ஓம் என்று வந்தால், 230 ஐ 5 ஆல் வகுத்து 46 ஆம்பியர் என்றும், அதனால் 10,580 வாட் என்றும் எழுதிவிடக் கூடாது. மோட்டார் சுழலும்போது அதன் சுற்றில் தூண்டப்படும் எதிர் மின்னழுத்தம் கொடுத்த மின்னழுத்தத்தின் பெரும்பகுதியை எதிர்த்து நிற்பதால், உண்மையில் ஓடும் மின்னோட்டம் அதில் சிறு பங்குதான். 5 ஓம் என்பது செம்புக் கம்பியின் மின்தடை மட்டுமே. அந்தச் செம்பில் வீணாகும் வெப்பத்தைக் கணக்கிட மின்னோட்டத்தின் வர்க்கத்தை அதனால் பெருக்கலாம், அதற்கு மேல் அதற்கு வேலையில்லை. மாறுதிசை மின்சாரத்தில் ஓடும் மோட்டார், மலிவான எல்இடி பல்பு போன்றவற்றுக்கு வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினாலும் வாட் கிடைக்காது. வருவதைத் திறன் காரணி என்னும் எண்ணாலும் பெருக்க வேண்டும். திறன் காரணி 0.5 ஆக உள்ள 9 வாட் பல்பு ஏறத்தாழ 0.078 ஆம்பியர் இழுக்கும்; 230 ஆல் பெருக்கினால் 18 வரும், ஆனால் மீட்டரில் ஏறுவது 9 வாட்டுக்கு உரியதே. சூடாக்குவதற்கென்றே செய்த ராடு, இஸ்திரிப் பெட்டி, கீசர் ஆகியவற்றுக்குத் திறன் காரணி 1 என்பதால்தான் கணக்குப் பழக அவற்றைப் பரிந்துரைக்கிறேன்.

ஓடும்போது அளத்தல்

ராடு வேலை செய்துகொண்டிருக்கும்போது வோல்ட்டையும் ஆம்பியரையும் அளந்து கணக்கிடுவதே சரியான முறை. வோல்ட் மீட்டரை இரண்டு முனைகளுக்குக் குறுக்கே வைக்க வேண்டும். ஆம்பியர் மீட்டரை மின்னோட்டம் ஓடும் வழியின் நடுவே, தொடராகச் சேர்க்க வேண்டும். வோல்ட் நிலையில் மல்டிமீட்டரின் மின்தடை பல லட்சம் ஓமுக்கு மேல் இருக்கும். ஆம்பியர் நிலையிலோ ஏறக்குறைய வெறும் கம்பித் துண்டுதான்.

இதை நான் புத்தகத்தில் படித்ததைவிட அனுபவத்தில்தான் நன்றாகக் கற்றேன். முந்தைய நாள் ஒரு பேட்டரிச் சுற்றை அளந்த மல்டிமீட்டரின் சிவப்புக் கம்பி 10 ஆம்பியர் துளையிலேயே இருந்தது. திருகு குமிழை மட்டும் வோல்ட்டுக்குத் திருப்பிவிட்டு, பிளக் பாயிண்டின் இரண்டு துளைகளிலும் முனைகளை நுழைத்தேன். வெடிச்சத்தத்தோடு வீடு இருண்டது. கறுப்புக் கம்பி முனையின் கூர் உருகிக் கடுகளவு உருண்டையாகிவிட்டிருந்தது. தெருக்கம்பம் முதல் பிளக் வரை எல்லாக் கம்பிகளும் சேர்ந்து 1 ஓம் என்று வைத்துக்கொண்டாலும், 230 ஆம்பியர். மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணையும் எம்சிபி சுவிட்ச் தட்டிவிட்டதால் அத்துடன் போயிற்று. குமிழ் எங்கே இருக்கிறது என்பதைவிடக் கம்பி எந்தத் துளையில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

வீட்டு மின்சாரத்தில் ஆம்பியரை அளப்பதற்குக் கம்பியை வெட்டாமல், கவ்விப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டரைத்தான் எலெக்ட்ரீஷியன்கள் பயன்படுத்துகிறார்கள். அதை ஒற்றைக் கம்பியின் மேல் மட்டுமே கவ்வ வேண்டும். ராடின் வயரை அப்படியே முழுதாகக் கவ்வினால் மீட்டர் சுழியம் காட்டும். பேஸ் கம்பியில் போகும் அதே மின்னோட்டம் நியூட்ரல் கம்பியில் திரும்பி வருவதால், இரண்டின் காந்தப்புலங்களும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. போர்டைத் திறந்து தனிக்கம்பியைக் கவ்வுவது பழகியவர் செய்ய வேண்டிய வேலை.

பழகாதவருக்கு, எதையும் தொடாமலே மின்திறனை அளக்க ஒரு வழி உண்டு. வீட்டு வாசலில் இருக்கும் டிஜிட்டல் மின் மீட்டரில் சிவப்புப் பொட்டு விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை மினுக்கும் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாட் என்பது நொடிக்கு ஒரு ஜூல் ஆற்றல்; ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். எனவே ஒரு மினுக்கலுக்கு 1125 ஜூல். பிரிட்ஜ், மின்விசிறி, வைபை பெட்டி உட்பட வீட்டில் உள்ள எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ராடை மட்டும் போட்டு, ஒரு மினுக்கலைக் கண்டவுடன் ‘சுழியம்’ என்று எண்ணத் தொடங்கி, இருபதாவது மினுக்கல் வரை எத்தனை நொடி ஆகிறது என்று கைப்பேசியில் பார்க்க வேண்டும். முதல் மினுக்கலை ‘ஒன்று’ என்று எண்ணினால் விடை ஐந்து விழுக்காடு பிசகிவிடும். 20 மினுக்கலுக்கு 17.7 நொடி ஆனால், 22,500 ஜூலை 17.7 ஆல் வகுக்க 1271 வாட். பிளக்கில் செருகிப் பார்க்கும் சிறிய வோல்ட் மீட்டர் ஒன்று இருந்து, அது 212 வோல்ட் காட்டினால், மின்னோட்டம் 1271 ஐ 212 ஆல் வகுத்த 6.0 ஆம்பியர், மின்தடை 212 ஐ 6.0 ஆல் வகுத்த 35.3 ஓம். ராடு நல்ல ராடுதான், அச்சிட்டதும் உண்மைதான்.

அப்படியானால் 1500 வாட் ராடு ஏன் 1271 வாட்தான் இழுத்தது? 230 வோல்ட்டுக்குப் பதில் 212 வோல்ட்தான் கிடைத்தது என்பதே காரணம். மின்னழுத்தம் ஏறத்தாழ 8 விழுக்காடு குறைந்தபோது மின்திறன் 15 விழுக்காடு குறைந்துவிட்டது. மின்திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால், சிறிய குறைவுகளில் விழுக்காடு இரட்டிப்பாகும். 180 வோல்ட் மட்டும் வரும் கடைக்கோடித் தெருவில் இதே ராடு 918 வாட்தான் தரும். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 12.56 லட்சம் ஜூல் வேண்டும். 230 வோல்ட்டில் அதற்கு 14 நிமிடம் ஆகும். 212 வோல்ட்டில் பதினாறரை நிமிடம். 180 வோல்ட்டில் 23 நிமிடத்துக்குச் சற்று குறைவாக ஆகும். வாளியிலிருந்து காற்றில் போகும் வெப்பத்தை விட்டுவிட்டால், மூன்றிலும் மீட்டரில் ஏறும் யூனிட் 0.35 தான். லோ வோல்டேஜில் ஹீட்டர் போட்டால் பில் எகிறும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். ராடைப் பொறுத்தவரை எகிறுவது காத்திருக்கும் நேரம் மட்டுமே.

வழியில் காணாமற்போகும் வோல்ட்

இந்தக் கணக்கின் மிகப் பயனுள்ள பகுதிக்கு இப்போதுதான் வருகிறோம். ராடைப் போடுவதற்கு முன் அதே பிளக் பாயிண்டில் 219 வோல்ட் இருந்தது. போட்டவுடன் 212 ஆனது. அந்த 7 வோல்ட் எங்கே போயிற்று? தெருவிலிருந்து பிளக் வரை வரும் கம்பிகளிலும் இணைப்புகளிலும் விழுந்தது. ராடின் வழியே ஓடும் அதே 6 ஆம்பியர்தான் அவற்றின் வழியாகவும் ஓடுகிறது. எனவே அவற்றின் மொத்த மின்தடை 7 ஐ 6 ஆல் வகுத்த 1.17 ஓம். அவற்றில் வெப்பமாகும் திறன் 7 ஐ 6 ஆல் பெருக்கிய 42 வாட். இங்கே 212 ஐயோ 219 ஐயோ 6 உடன் சேர்த்துக் கணக்குப் போட்டால், கம்பியைப் பற்றி ஒன்றுமே தெரியாது.

சுமையேற்றியதும் மூலத்தின் மின்னழுத்தம் இறங்குவது, ஓம் விதியைக் கண்ட அறிஞர் ஓமையே ஒரு முறை ஏமாற்றியிருக்கிறது. ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளியாசிரியராக இருந்த கியோர்க் சைமன் ஓம், முதலில் அக்காலத்து மின்கலங்களை வைத்துச் சோதனை செய்தார். மின்னோட்டம் ஓடத் தொடங்கியதும் அந்தக் கலங்களின் மின்னழுத்தம் நிலையாக நிற்காததால், 1825 இல் அவர் வெளியிட்ட வாய்பாடு தவறாகிவிட்டது. பின்னர் இயற்பியலாளர் பொகென்டோர்ஃப் சொன்ன யோசனைப்படி, முனைகளின் வெப்பநிலை வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும், பிஸ்மத்தும் செம்பும் இணைந்த வெப்ப மின்னிரட்டையின் ஒரு முனையைக் கொதிநீரிலும் மற்றொரு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, ஆட்டம் காணாத மின்னழுத்தத்தைப் பெற்றார். அதன் பிறகே 1826 இல் சரியான உறவு கிடைத்தது. 1827 இல் அது நூலாக வந்தது. கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் மின்தடையையும் பொறுத்தது என்பதை இயற்பியலாளர் ஜூல் 1841 இல் வெளியிட்டார். பிளக் ஏன் கருகுகிறது என்பதற்கு விடை அந்த வர்க்கத்தில்தான் இருக்கிறது.

1.17 ஓமைப் பிரித்துப் பார்க்கலாம். மீட்டருக்குப் பக்கத்திலேயே உள்ள பிளக் பாயிண்டில் வோல்ட் மீட்டரைச் செருகிவைத்து, குளியலறையில் ராடைப் போட்டபோது, அங்கே 219 வோல்ட் 216 ஆக இறங்கியது. ஆக, 3 வோல்ட் வீட்டுக்கு வெளியே விழுகிறது. அது நம் கையில் இல்லை. மீதி 4 வோல்ட் வீட்டுக்குள் விழுகிறது: 4 ஐ 6 ஆல் வகுத்தால் 0.67 ஓம். பழைய வீடு என்பதால் மீட்டரிலிருந்து குளியலறை வரை 20 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போட்டிருக்கிறார்கள். இன்றானால் பவர் பிளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்த கம்பியை நான் போட மாட்டேன். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.0115 ஓம். போவதற்கு 20, வருவதற்கு 20 என்று 40 மீட்டருக்குக் கணக்கிட வேண்டும். திரும்பி வரும் கம்பியை மறந்து பாதி விடை எழுதுபவர்கள் ஏராளம். 40 மீட்டருக்கு 0.46 ஓம். அப்படியானால் 0.67 இல் 0.46 போக, 0.21 ஓம் கம்பியில் இல்லாத வேறெங்கோ இருக்கிறது.

இதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. வோல்ட் மீட்டர் முழு வோல்ட்டாகத்தான் காட்டுகிறது; 4 வோல்ட் என்பது உண்மையில் 3 முதல் 5 வரை எதுவாகவும் இருக்கலாம். நாம் அளக்கும் அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு மோட்டார் ஓடினாலும் எண் மாறும். அவசரப்படாமல் ஐந்தாறு முறை ராடைப் போட்டும் அணைத்தும் பார்த்து, தசமப் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் காட்டும் மல்டிமீட்டர் இருந்தால் அதையும் வைத்துப் பார்த்து, திரும்பத் திரும்ப அதே வேறுபாடு வருகிறதா என்று உறுதி செய்துகொண்டுதான் அடுத்த முடிவுக்குப் போக வேண்டும். எங்கள் வீட்டில் ஆறு முறையும் 3.9 க்கும் 4.2 க்கும் இடையிலேயே வந்தது.

0.21 ஓம் என்பது கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போல் தோன்றும். 6 இன் வர்க்கம் 36, அதை 0.21 ஆல் பெருக்கினால் 7.6 வாட். 40 மீட்டர் கம்பியில் எழும் பதினாறரை வாட் வெப்பம் சுவர் நெடுகப் பரவிப் போய்விடும். கையால் தொட்டாலும் தெரியாது. இந்த 7.6 வாட் ஒரு திருகின் அடியில், பட்டாணி அளவு இடத்தில் எழுந்தால், பிளாஸ்டிக் பழுப்பாகும், பித்தளை கறுக்கும், கறுத்த பரப்பின் மின்தடை இன்னும் கூடும், அதனால் வெப்பமும் கூடும். இது தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் கோளாறு. அந்த 0.21 ஓம் ஓரிடத்தில் குவிந்திருக்கிறதா, சுவிட்ச், பிளக் பாயிண்ட், இணைப்புப் பெட்டி என்று சிதறியிருக்கிறதா என்பதைக் கணக்கு சொல்லாது. பத்து நிமிடம் ராடைப் போட்டுவிட்டு, சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, உடனே பின்களின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எங்கள் வீட்டுப் பிளக்கில் ஒரு பின் வெதுவெதுப்பாக இருந்தது; மற்றொன்றில் கையை வைக்க முடியவில்லை.

மெயினை அணைத்துவிட்டு அந்தப் பிளக் பாயிண்டைத் திருப்புளியால் திறந்து பார்த்தபோது, சூடான பின் செருகியிருந்த துளையின் திருகு முக்கால் சுற்றுத் தளர்ந்திருந்தது. அதன் அடியில் இருந்த செம்பு இழைகள் பாதி கறுத்தும், இரண்டு மூன்று இழைகள் திருகுக்குள் சிக்காமல் பிரிந்தும் நின்றன. கறுத்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, புதிதாக ஒரு சென்டிமீட்டர் தோலுரித்து, இழைகளை முறுக்கி, உட்பக்கம் பழுப்பேறியிருந்த பழைய பிளக் பாயிண்டுக்குப் பதிலாகப் புதிய 16 ஆம்பியர் பிளக் பாயிண்டில் மாட்டித் திருகை இறுக்கினேன். மறுநாள் அதே மாலை நேரத்தில் அளந்தபோது, வீட்டுக்குள் விழுந்தது 2.9 வோல்ட், மின்னோட்டம் 6.0 ஆம்பியர். வகுத்தால் 0.48 ஓம், கம்பிக்கு உரிய 0.46 போக, எல்லா இணைப்புகளுக்கும் சேர்த்து மிஞ்சுவது 0.02.